முதல் பரிசு வாங்கிய வேஷம்

அன்புள்ள அம்மாவுக்கு லோர்னா எழுதுவது. முட்டி வலி தேவலையா? என் செல்ல மகள் டெஸ்ஸா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சுகமே.

நேற்று நான் சமைக்கும் எண்ணெய்க் கிணற்று முகாமில், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் விருந்து. டெஸ்ஸாவுக்குச் செய்வதுபோலவே சாசேஜ் இறைச்சியில் மாவுப் பட்டை சுற்றி, துணி சுற்றிய எகிப்துப் பிணம்போல மம்மி செய்து, கடுகு விழுதால் கண் வைத்தேன். அவித்த முட்டைகள்மேல் ஆலிவ் துண்டுகளால் சிலந்தி வைத்தேன். எல்லோரும் பேயாகவும் பிணமாகவும் வந்தார்கள். கடைசியில் கோட்டும் டையுமாக ஒருவர் நுழைந்தார்.

"ஹெட் ஆபீஸ் ஆளு வேஷம்டா! இவன்தான்டா நிஜப் பேய்!" என்று கிணறு தோண்டும் கார்வின் கத்த, கைதட்டி அவருக்கே முதல் பரிசு கொடுத்துவிட்டோம்.

பரிசைக் கையில் வைத்தபடியே அவர், "வேஷம் இல்லப்பா. வெள்ளிக்கிழமையோட முகாமை மூடுறோம்" என்றார். அப்போதும் சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் தட்டைத் தொடவில்லை. அவர் மட்டும் இரண்டு மம்மி தின்று, "நல்லாருக்கும்மா" என்றார்.

கவலைப்படாதீர்கள். இங்கே பக்கத்து முகாம்களையும் மூடிவிட்டார்கள். இன்னும் வடக்கே போய் வேலை கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அம்மா வருவாள் என்று டெஸ்ஸாவிடம் இனிச் சொல்லாதீர்கள். டெஸ்ஸா ஹாலோவீனுக்குப் போட்ட வேஷத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தபால் வண்டி கிளம்புகிறது. படத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று பிறகு எழுதுகிறேன்.

லோர்னா