வேம்புக்கு ஊதாப் பூ

குட்டி அப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மணியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். குட்டி நன்றாக இருக்கிறாள். உங்கள் தலையணையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கட்டிலின் குறுக்கே தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கப்பலில் சிக்னல் கிடைக்கிற நாலு நிமிடத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நீங்களும் பாதியைக் கேட்டு மீதியைக் கற்பனை செய்துகொள்வீர்கள். அதனால்தான் மெயில்.

பின்பக்கம் நீங்கள் நட்ட வேப்பமரம் முதல் முறையாகப் பூத்திருக்கிறது. பூ ஊதா நிறம்.

வேம்புக்கு வெள்ளைப் பூ அல்லவா? இன்று காலை ஓர் இலையை ஒடித்து வந்து மேசையில் விரித்துப் பார்த்தேன். வேம்பில் ஒரே காம்பு, இரண்டு பக்கமும் இலைகள் வரிசையாக நிற்கும். இதில் காம்பே கிளைவிட்டு, அந்தக் கிளைகளில் இலைகள் நிற்கின்றன. இது மலைவேம்பு. முதல் வருடத் தாவரவியல் மாணவிகூடச் சொல்லிவிடுவாள். நானோ பட்டம் வாங்கியவள். நர்சரிக்காரர் கட்டிவிட்ட அட்டையில் வேம்பு என்று எழுதியிருந்தது, நீங்களும் வேம்பு என்றீர்கள். அதற்கப்புறம் இரண்டரை வருடமாக நான் இலையைப் பார்க்கவே இல்லை. நம் மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது, எல்லாம் என் கைராசி என்று வேறு உங்களுக்குப் பெருமையடித்து எழுதினேன். இந்த மரம் யார் தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான் வளருமாம்.

குட்டியின் சொறிக்கு இந்த இலையைக் கொதிக்க வைத்துத்தான் வருடம் முழுக்கக் குளிப்பாட்டினேன். சரியாகிவிட்டது என்று கொண்டாடினோமே? சோப்பை மாற்றியதும் சொறி மறைந்த அதே மாதம்தான். எதனால் சரியானது என்று இப்போது சத்தியம் செய்ய முடியவில்லை. மலைவேம்பும் மருந்து மரம்தான். ஆனால் உள்ளுக்குக் கொடுக்க அளவு தெரிந்த வைத்தியர் வேண்டும். பழம் குழந்தைகளுக்கு விஷம்.

இதையெல்லாம் பழைய பாடப் புத்தகத்தில் படித்துக்கொண்டே வந்தபோதுதான் கீழ்வீட்டுத் தையல் அக்கா நினைவுக்கு வந்தார். யார் இலை கேட்டாலும், தாராளமாகப் பறித்துக்கொள்ளுங்கள் என்றது நான்தானே. அடுப்பை அணைத்துவிட்டுக் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன். அக்கா மிஷினை நிறுத்தாமலே, "முந்தாநாள் பூச்சிக்குன்னு அரைச்சுக் கொடுத்தேனே, ஏன்?" என்றார். அவர் பையனுக்கு ஏழு மாதம். எவ்வளவு என்று கேட்டேன். "அரை ஸ்பூன். அதுலயும் பாதிய என் மேலதான் துப்பினான்."

இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். பையனின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். அவன் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைக் கடித்தான். இரண்டு நாளாகியும் இப்படி விளையாடுகிறான், பயமில்லை என்றார். "நிஜ வேம்பாவே இருந்தாலும் கைக்குழந்தைக்கு இதெல்லாம் உள்ளே கொடுக்கலாமா?" என்று எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் திட்டினார்.

தெருமுனை வரை அக்கா பையனைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அப்புறம், "இனிமே நீ கறிவேப்பிலை கொடுத்தாக்கூட நாலு பேர்கிட்ட காட்டிட்டுத்தான் வாங்குவேன்" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

மாலையில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, அது வேம்பு இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லி வந்தேன். வேறு யாரும் உள்ளுக்குக் கொடுக்கவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் மட்டும், "ஞாயித்துக்கிழமை காலையில ஆள் வருவான், வெட்டிடலாம்மா. வம்பு எதுக்கு?" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். நம் பெண் தரையில் கிடக்கிற எதையும் வாயில் போடுகிறவள். அதே சமயம், அவளுக்கு அந்த மரம் தம்பி. ஜன்னல் வழியே கையை நீட்டி, "தம்பி, சாப்டியா?" என்று விசாரிக்காமல் அவள் சாப்பிட மாட்டாள். மரம் யாரையும் ஏமாற்றவில்லையே, பெயர் வைத்தது நாம்தானே என்று எனக்கும் இருக்கிறது.

ஒரு வழி உண்டு. காய் பிடிக்கும் முன் பூங்கொத்துகளை நறுக்கிவிட்டால் பழமே இருக்காது. வருடாவருடம் செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன், பொறுப்பாகச் செய்வதானால் சரி என்றார். ஏணி அவரிடமே இருக்கிறது. ஏறுவதற்கு ஓர் ஆள், கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் ஏறினால் ஏணியைத் தான் பிடித்துக்கொள்வதாகக் குட்டி சொல்கிறாள்.

கப்பல் வேலையை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கக் கேட்கிறார்கள் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். சமாளித்துக்கொள்வேன், கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று நானும் உடனே பதில் எழுதிவிட்டேன். போட்டுவிட்டீர்களா?

வெட்டச் சொல்லவும் எனக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லவும் தெரியும். இந்த ஒன்றை மட்டும் தனியாக முடிவு செய்ய மனம் வரவில்லை. கடல் அமைதியாக இருக்கட்டும், நீங்கள் நேரத்துக்குத் தூங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு, இரண்டு வரியானாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

அன்புடன்,
குட்டி அம்மா