இடது பக்க இருக்கை

ஈப்போ, 1981

லூமுட்டில் மகள் வீட்டில் இருக்கும் என் வீட்டம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோயில் வகுப்பில் கற்றுக்கொண்டேன். மெதுவாக எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி.

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியதற்கு நீ கோபித்துக்கொண்டு போனாய். கார் நன்றாக ஓடுகிறது. வாரந்தோறும் எண்ணெய் பார்க்கிறேன். தேய்ந்த சாமான்களைப் பழைய இரும்புக் கடைகளில் தேடி மாற்றுகிறேன். விற்க மாட்டேன். என் கைகால் ஓடும் வரை அதுவும் ஓடும்.

நேற்று நம் தோட்டத்துப் பக்கம் போனேன். எதிரே வந்த, நம்மோடு மரம் வெட்டிய சன்னாசி சைக்கிளை விட்டு இறங்கி, குடையை மடக்கி, ஓரமாக நின்றான். துரை சீமைக்குப் போய் எத்தனையோ வருஷம். அந்தக் காரைக் கண்டால் இன்னும் கால் தானாக இறங்குகிறது. பக்கத்தில் நிறுத்தினேன்.

"நீயாலா மச்சான்? ஒனக்குப் போயா எறங்குனேன்" என்று சிரித்தான். "சரி, ஏத்திக்கிட்டுப் போ."

இருப்பதே இரண்டு இருக்கை, இடது பக்கம் வீட்டுக்காரிக்கு என்றேன். இதுவரை யாரும் அதில் உட்காரவில்லை.

"தொர காடியில நான் ஏறமாட்டேன்" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. ரப்பர் பால் வாளியோடு நீ இந்தக் காருக்கு ஒதுங்கி நின்று புழுதி வாங்கிய அதே ரோட்டில்தான் உன்னைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காருக்குக் கூரை இல்லை, தலைக்குத் துண்டு கட்டிக்கொள். வாசலில் ஒருமுறைதான் ஹாரன் அடிப்பேன். நீ வராவிட்டால் அந்த இருக்கை காலியாகவே திரும்பும்.

உன் வீட்டுக்காரன்