இரவல் கேபிள்

ஞாயிறு, இரவு.

ஆபீஸ் சுரேஷ் கேட்டுப் பார்க்கக் கொடுத்த உசத்தி ஸ்பீக்கர் கேபிளையும் எங்கள் பழையதையும் மத்தியானம் பூரா மாற்றி மாற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் சுரேஷுடையதில்தான் மிருதங்கத்தின் தொப்பி, அந்த இடப்பக்கத்துக் கனத்த நாதம், தனியாகத் தெரிந்தது. இரண்டுமே செம்புக் கம்பிதானே, எப்படி?

மீனா துணி மடித்துக்கொண்டே, "அதை மாட்டினா ஃபேனை நிறுத்தறேள். நம்மளோடதுக்கு ஓட விடறேள், கேட்டேளா" என்றாள்.

நான் அப்படிச் செய்வதைக் கவனித்திருக்கவே இல்லை. எங்கள் பழைய கேபிளை மாட்டி ஃபேனை நிறுத்தினேன். அதே தொப்பி! மீனா துணியை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. சுரேஷுடையதை மறுபடி மாட்ட எழுந்தேன்.

"இருக்கட்டும், பாட்டு முடியட்டும்."

வியர்க்க வியர்க்கக் கடைசிவரை கேட்டோம். எது உசத்தி என்று சுரேஷ் நாளைக்குக் கேட்பான். அவனுடையதைத் திரும்ப மாட்டிப் பார்க்கவே மறந்துவிட்டேன்.