எலும்புக்கூட்டை நாற்காலியில் உட்கார வைத்தவன் நான்தான் என்று நம்பக் கோரி

அனுப்புநர்:
‘வால்’ (ஆசிரியர்கள் வைத்த பெயர், அப்பா வைத்த பெயரை யாரும் பயன்படுத்துவதில்லை),
வருகை எண் 27, பன்னிரண்டாம் வகுப்பு, காலை ஷிப்ட்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: தலைமையாசிரியர் நாற்காலியில் எலும்புக்கூடு – தவறான ஆள் மீது நடவடிக்கை – சரியான ஆளைத் தண்டிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பிற்பகல் ஷிப்ட் மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கும் கோப்பு, தங்கள் கையெழுத்துக்காக மேசையில் இருப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளியில் கட்டடம் ஒன்று, பெஞ்ச் ஒன்று, பள்ளிக்கூடம் இரண்டு. காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை நாங்கள். பன்னிரண்டரை முதல் ஐந்தரை வரை அவர்கள். நாங்கள் முன்வாசலில் வெளியேறுவோம், அவர்கள் பின்வாசலில் நுழைவார்கள். மூன்று வருடமாக ஒரே பெஞ்சைத் தேய்க்கிறோம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் பட்டப்பெயர் மட்டும் வைத்தாயிற்று. அவர்கள் ‘ரெண்டாம் ஆட்டம்’. நாங்கள் ‘பால் பாக்கெட்’. முதல் பெயர் என் கண்டுபிடிப்பு. அப்போது அதில் எனக்குப் பெருமை.

2. கடந்த மூன்றாம் தேதி, எங்கள் கடைசி மணி அடித்த பிறகு, உயிரியல் ஆய்வகத்து எலும்புக்கூட்டைத் தோளில் சாய்த்துத் தூக்கிப் போய், என் டையைக் கட்டிவிட்டு, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தேன். வழியில் அதன் இடது சுண்டுவிரல் கழன்றது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தலைமையாசிரியர் ஏதோ காகிதம் படித்தபடியே வந்து நாற்காலியை இழுக்க, அது அவர் மேலேயே சாய்ந்ததாம். உதறிய வேகத்தில் அதன் இடது கை மணிக்கட்டோடு முறிந்து வராந்தாவில் விழ, அவர் ஆசிரியர் அறைக்கு ஓடியிருக்கிறார்.

3. அந்த நேரம் பார்த்து ஒரு பிற்பகல் மாணவி சீக்கிரம் வந்துவிட்டாள். அவள் ஷிப்டில் அவளுக்குப் பெயர் ‘பசை’. எதைக் கண்டாலும் ஒட்டுவாள். அறுந்த செருப்பு வார், உடைந்த ஸ்கேல், கிழிந்த மேப். கீழே கிடந்த கையை எடுத்து, சுவரோரம் உட்கார்ந்து, பசைக் குழாயைத் திறந்திருக்கிறாள். தலைமையாசிரியரோடு ஆசிரியர்கள் ஓடி வந்து பார்த்தார்கள். “கையும் களவுமாகப் பிடித்தோம்” என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். கை இருந்தது உண்மை, ஐயா. களவு என்னுடையது.

4. நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பயம் மட்டும் காரணமில்லை. ‘ரெண்டாம் ஆட்டம்தானே, இதைச் செய்யலைன்னா வேற எதையாவது செஞ்சிருக்கும்’ என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது என் குரல்தான். அதையும் இந்த மனுவில் குற்றமாகச் சேர்த்துக்கொள்ளவும்.

5. மூன்றாம் நாள் வகுப்பாசிரியையிடம் ஒப்புக்கொண்டேன். “டேய், நீ குறும்புக்காரன். உடைக்கிற புத்தி நம்ம பசங்களுக்கு வராது. அவங்க உன்னை மிரட்டினாங்களா?” என்றார். மறுநாள் கோப்பில் ‘சாட்சியை மிரட்டியது’ என்று ஒரு வரி ஏறிவிட்டது. நேரே தலைமையாசிரியரிடம் போய், அந்த டை என்னுடையது, உள்பக்கம் அம்மா பச்சை நூலால் 27 என்று தைத்திருப்பதைப் பாருங்கள் என்றேன். புரட்டிப் பார்த்தார். “அடப்பாவி, டையையும் திருடிட்டாங்களா!” என்றார். ‘திருட்டு’ என்று இன்னொரு வரி. நான் வாயைத் திறக்கத் திறக்க அவள் மேல் குற்றம் ஏறுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து என்னை ‘வால்’ என்று கூப்பிட்டவர்களுக்கு, நான் வாலாட்டியதாக நானே வந்து சொல்லும் ஒரே ஒரு நாளில் அதில் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது!

6. இந்தப் பெண்ணின் ஷிப்டுக்குப் பழைய சரித்திரம் இருப்பதாகச் சொல்லி, சேதப் பதிவேட்டைச் சான்றாக வைத்திருக்கிறார்கள். அந்த நோட்டை நான் புரட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு சேதம். அத்தனைக்கும் நேராக ‘பிற்பகல்’. காரணம் எளிது. காலை ஏழு மணிக்கு எங்கள் வகுப்புத் தலைவன் நோட்டைத் திறந்து, உடைந்ததை எழுதி, மறுபடி பீரோவில் பூட்டுவான். நண்பகலில் அதைத் திறக்கும் வழக்கமே இல்லை. நாங்கள் உடைத்துவிட்டுப் போனதை அவர்கள் எழுத இடமில்லை. மறுநாள் அது அவர்கள் உடைத்ததாக எழுதப்படும். இருநூற்றுப் பதினான்கில் குறைந்தது பதினொன்று என் கைவண்ணம். பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது.

7. அவள் வீட்டுக்கும் போனேன். அவள் அண்ணன் வாசலை மறித்து, “பால் பாக்கெட் வந்திருக்கு பாரு. இன்னும் எதை எடுத்துட்டுப் போகப் போற?” என்றார். நான்தான் செய்தேன் என்றேன். “உங்க ஆளுங்க சொல்றத நாங்க நம்பணுமா? உள்ள வரவெச்சு வேற ஏதாவது பழி போடுவீங்க” என்றார். அங்கேயும் என்னை நம்ப ஆளில்லை. பின்னாலிருந்து அவள் மட்டும் பேசினாள்: “நான் அதை எடுத்திருக்கக் கூடாது. எல்லாரையும் மாதிரி தாண்டிப் போயிருக்கணும்.” உடைந்ததை ஒட்டத்தான் அவள் உட்கார்ந்தாள். அதைத் தப்பு என்று அவளையே சொல்ல வைத்துவிட்டோம், ஐயா. இதை எழுதும்போது என் பேனா காகிதத்தைக் கிழித்தால் மன்னிக்கவும்.

8. தாங்கள் கையெழுத்திட்டால் ‘நடத்தை: திருப்தி இல்லை’ என்ற சான்றிதழோடு அவள் வெளியே போவாள். வேறு பள்ளி சேர்க்காது. செய்முறைத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. எனவே கோப்பில் அவள் பெயரை அடித்து, என் பெயரை எழுத வேண்டுகிறேன். அவளைத் திங்கட்கிழமையே வகுப்பில் உட்கார வைக்க வேண்டுகிறேன். சேதப் பதிவேட்டை நண்பகலிலும் திறக்க உத்தரவிட வேண்டுகிறேன். முதல் நாள் எழுதுவதற்கு விஷயம் நான் தருகிறேன்.

இதில் ஒரு வரி பொய் என்றாலும் என்னைத் தண்டிக்கலாம். பொய் இல்லையென்றாலும் என்னைத்தான் தண்டிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தண்டனைக்குத் தகுதியுள்ள,
வால்

நாள்: வியாழக்கிழமை
இடம்: மூன்றாவது வரிசை, ஜன்னலோர பெஞ்ச்

இணைப்பு: எலும்புக்கூட்டின் இடது சுண்டுவிரல், ஒன்று. இதைத் தேடித்தான் அவள் பையை வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கொட்டிக் கவிழ்த்தார்கள். பசைக் குழாய் மட்டும் உருண்டது. விரல் அன்றிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பள்ளியில் கொடுத்தால் இதற்கும் அவள் பெயரில் ஒரு வரி ஏறும் என்பதால் தங்களுக்கே அனுப்புகிறேன். பெற்றுக்கொண்டதற்கு, யாரிடமிருந்து பெற்றீர்கள் என்று எழுதி, ரசீது தரவும்.