கட்டைவிரல் கேட்கவில்லை

புதன்கிழமை, இரவு.

என் கணவர் நான்கு மாதமாக என்னிடம் பொய் சொல்லிவந்திருக்கிறார்.

குவைத்திலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் போனைச் சுவரில் சாய்த்துவைத்து கிட்டார் வாசித்துக் காட்டுவேன். வீடியோ பார்த்து நானாகப் பழகும் கன்ட்ரி இசை, அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நிற்காமல் தாளம் போட வேண்டும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்க வேண்டும். தினமும் "சூப்பர் புள்ள" என்பார்.

இன்று சாயங்காலம்தான் முதல்முறையாக ஒரு பாட்டு முழுக்கக் கட்டைவிரல் தடுமாறவில்லை. "கட்டைவிரல் எப்படிங்க?" என்றேன்.

"அது எங்க கேட்டுச்சு? அங்கிட்டொண்ணு இங்கிட்டொண்ணா டிங்கு டிங்குன்னுதான் வரும். நீ இன்னும் பழகிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்."

"அப்ப ஏங்க தெனமும் சூப்பர்னீங்க?"

"ஒன் மொகத்தப் பாத்துச் சொன்னேன்."

பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சலென்று போன் வடிகட்டிவிடுகிறதாம். சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. போன் மேல் இல்லை. மூன்று வருடமாக லீவு தராமல், பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டிவைத்திருக்கும் கம்பெனி மேல். எங்கள் ஊர் கீரமங்கலத்தில் அதற்குப் பெயர் நல்ல வேலை.

"ரெக்கார்டு பண்ணி அனுப்பு புள்ள, கேக்குறேன்."

"அனுப்ப மாட்டேன். நேர்ல வந்து கேளுங்க. நாளைக்கே லீவு கேட்டு எழுதிக் குடுங்க."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லைன் நன்றாகத்தான் இருந்தது; இது பேச்சுதான், போன் வடிகட்டியிருக்காது.

"சொல்லுங்க, எழுதிக் குடுப்பீங்களா?"