பிரித்துவிட்ட தையல்

நம் பெண்ணின் அப்பாவுக்கு,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. மகள் சாப்பிடுகிறாள், பேசுவதில்லை. துணி தைக்கக் கொடுக்க யாரும் வருவதில்லை. மெஷினை மூடி வைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்து, நீங்கள் எனக்குக் கொடுத்த கவுன்களையெல்லாம் எடுத்துப் போனார். "பழைய துணிக்கடையில சல்லிசா கெடச்சுது, உன் அளவுக்குப் புடிச்சுத் தச்சுக்கோ" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னீர்களே, அவைதான். நானும் வாயெல்லாம் பல்லாக அவற்றைப் போட்டுக்கொண்டு உங்களோடு கடைவீதியில் நடந்தேன்.

கோர்ட்டில் யாரையும் ஞாபகமில்லை என்றீர்களாம். எனக்கு இருக்கிறது. தையல்காரிக்குத் துணி போதும். ஒருத்திக்கு வலது தோள் சற்று இறக்கம். இன்னொருத்தி கைப்பையை இடது தோளில்தான் மாட்டுவாள், அங்கே துணி தேய்ந்திருந்தது.

"அஞ்சு கவுன், செத்துப்போன அஞ்சு பொண்ணுங்க. கணக்கு சரியா இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். நான் தலையாட்டினேன்.

அந்தப் பச்சைக் கவுனின் இடுப்புத் தையலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று முறை பிரித்து விட்டிருந்தார்கள். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நீங்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, "மகராசி நல்லா சாப்பிட்டிருக்கா" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள்.

நம் பெண் வயிற்றில் இருந்தபோது என் கவுனையும் அப்படித்தான் பிரித்துவிட்டேன். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நூலாக உருவிக் கொடுத்தீர்கள்.

இனி உங்களுக்கு எழுத எதுவுமில்லாத,
தையல்காரி