பெயர் எழுதாத பக்கம்

மாப்ளே,

உன் அடுப்பு நோட்டு என் மடியில் இருக்கிறது. திறந்தால் ஏலக்காய் வாசம், அதற்கு அடியில் மை வாசம். உன் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்காரி கொடுத்தாள். "இது உங்க ரெண்டு பேரு சோலிதானண்ணே, நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

நான் இப்போது படிக்கிறேன், மாப்ளே. எழுபது வயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். இந்த மடலும் என் கைதான். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். பஸ்சு நெற்றியில் 'குரங்கணி' என்று முதன்முதலாகப் படித்த அன்று கண்டக்டரிடமே சத்தமாகச் சொல்லிவிட்டேன். உன் நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. நாலு தடவை படித்தேன். அந்தச் சந்தோஷம் பதினோராம் பக்கம் வரைக்கும்தான்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளியவன் நான். நீ போடி மண்டியில் மூட்டைக்கு விலாசம் எழுதியவன். ஸ்டோரில் காய்மேல் புகை படாமல் தகரக் குழாய் வழியாக வெளியே போகும். "காய்க்கு இருக்கிற மரியாதை நம்ம பொம்பளைக கண்ணுக்கு இல்லையாடா?" என்று ஒருநாள் உன்னிடம் கத்தினேன். கழித்துப் போட்ட குழாய் ஒன்றை, தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் என் வீட்டு அடுப்புக்குப் பொருத்தினேன். அன்றைக்கு என் வீட்டுக்காரி இருமாமல் கஞ்சி காய்ச்சினாள். நீ அதை இந்த நோட்டில் எழுதினாய்.

பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று நோட்டைச் சத்தமாக வாசித்தாய். சட்டமும் நீ போட்டதுதான்: "கேட்டவன் ரெண்டு வீட்டுக்குச் சொல்லணும். மாத்துனவன் திரும்பி வந்து இங்க சொல்லணும்." யாருக்கும் சொந்தமில்லாத அடுப்பு. யார் என்ன மாற்றிச் சொன்னாலும் அவர் பெயரோடு எழுதினாய். மலை முழுக்க லயங்களில் குழாய் முளைத்தது. உன்னை நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த காலம் அது.

போடிமெட்டிலிருந்து காய் பறிக்கும் பேச்சி வந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? நீ வாசிக்கும்போது குறுக்கே பேசினாள். "இது மழைக்கு ஆகாதுண்ணே. மெட்டுக் காத்து குழாய் வழியா பொகைய உள்ள தள்ளுது. நான் ஒண்ணு செஞ்சிருக்கேன்..."

"வாசிக்கையில பேசாத. பெறகு தனியா சொல்லு" என்றாய்.

"எழுதுறவுக என்னைக்காச்சும் அடுப்பு ஊதியிருக்கீகளா?" என்றாள் அவள். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ நோட்டைப் படாரென்று மூடினாய். எனக்கு ஜீப்புக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன்.

மழை பிடித்ததும் அவள் சொன்னபடியே புகை திரும்பியது. பாதி வீடுகளில் குழாயைப் பிடுங்கி எறிந்தார்கள். "அந்தப் புள்ள என்னமோ சொல்ல வந்துச்சே மாப்ளே?" என்று உன்னிடம் கேட்டேன். "அது வாயாடிப்பா, ஒண்ணும் சொல்லல" என்றாய். நம்பினேன். என் வீட்டுக்காரி சாரலில் கதவைத் திறந்து வைத்து, நடுங்கிக்கொண்டே சமைத்தாள். மூன்று மழைக்காலம் இருமினாள். நாலாவதுக்கு அவள் இல்லை. புகைதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று மழையை நீ எனக்குத் திருப்பித் தர முடியுமா?

பதினோராம் பக்கத்தில் உன் முத்து முத்தான கையெழுத்து: "குழாய்த் தலையில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்சட்டியைக் கவிழ்க்க வேண்டும். எந்தக் காற்றுக்கும் புகை திரும்பாது. வைத்துப் பார்த்தேன். சரிதான்."

வைத்தும் பார்த்திருக்கிறாய்! எல்லாப் பக்கத்திலும் பெயர் இருக்கிறது, இதில் மட்டும் இல்லை. நான் ஜீப்பு ஏறின பிறகு பேச்சி உன்னிடம் தனியாகச் சொன்னது இதுதானே? ஒரு சிரிப்புக்காக, ஒரே ஒரு சிரிப்புக்காக, இதை ஒருநாளும் வாசிக்காமலே விட்டாய். மலையே நம்பி உன் கையில் கொடுத்த நோட்டு அது. நேரில் திட்டுவதற்கு நீ இல்லாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன வாரம் ஜீப்பு ஏறிப் போடிமெட்டுக்குப் போனேன். பேச்சி வீட்டுக் கூரையில் கரி பிடித்த சட்டி கவிழ்ந்திருந்தது. பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவுக எழுதல, சரி. சட்டி இத்தனை வருசமா கூரையிலதான இருக்கு. நீங்க ஒரு நா ஏறி வந்து பாத்திருக்கலாம்லண்ணே?"

அவள் வாசலிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன், மாப்ளே.

அந்தப் பக்கத்தில் அவள் பெயரை நான் எழுதினேன். உன் எழுத்துக்குக் கீழே என் எழுத்து நண்டு நடந்தது போல இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நான் வாசிக்கிறேன். விரல் வைத்துத்தான் வரி பிடிக்கிறேன். குறுக்கே யாராவது பேசினால், விரலை அங்கேயே வைத்துக்கொண்டு அவர்கள் முடிக்கும்வரை நிற்கிறேன்.